மூன்று பேருக்கு ஒரு நோட்டு

டிக்கெட்டுக்கு என்ன விலை வைக்கலாம், பிளாக்கில் விற்கிறவர்களை எப்படி ஒழிக்கலாம் என்று போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் கேட்டீர்கள். புதிய கால்பந்துக் கிளப்பின் டிக்கெட் பிரிவில் நீங்கள் சேர்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் ஒழிப்பதைப் பற்றிப் பேச்சு! அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் தமிழில் ஒன்று சொன்னால் நீங்கள் பர்மியத்தில் பதில் சொல்கிறீர்கள், நடுவில் உங்கள் மேலாளர் இங்கிலீஷில் புகுந்து குட்டையைக் குழப்புகிறார். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும் என்று உங்கள் அம்மாக்கள் சத்தியம் செய்கிறார்கள். புரியாத இடத்தை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலாளர் ஆசைப்படுகிற மாதிரி வரிசை எண் போட்டுப் பாடம் எழுத எனக்கு வராது. ரங்கூனில் ஒரு கல்லூரியின் விளையாட்டு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கிளார்க்காக இருந்துவிட்டு, இந்த வருஷம்தான் ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தேன். அத்தனை வருஷத்தில் உங்களுக்கு உபயோகப்படுகிற மாதிரி என்னிடம் இருப்பது ஒரே ஒரு மத்தியானம். அந்த மத்தியானத்தில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்துச் செய்த காரியம் ஒவ்வொன்றும் தப்பாகப் போனது. அதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். எண்பத்தெட்டில் மாணவர்கள் கிளர்ந்து எழுந்ததற்குப் பிறகு வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த கல்லூரிகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். கல்லூரிகளுக்கு இடையேயான கால்பந்தும் திரும்ப ஆரம்பித்திருந்தது. திறந்த கல்லூரி மறுபடி மூடப்பட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தெருவில் மாணவர்கள் கூட்டமாக நின்று சத்தம் போட்டால் போதும். அது பந்தாட்டத்துக்கான சத்தமா வேறு சத்தமா என்று யாரும் நின்று கேட்கப் போவதில்லை. இருபத்திநான்கு வயதில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். இன்னொரு தடவை பூட்டினால் படிப்பு அவ்வளவுதான்.

அந்தக் காலத்து நோட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து கியாட் நோட்டு, தொண்ணூறு கியாட் நோட்டு என்று இரண்டு நோட்டு புழங்கின. சிரிக்காதீர்கள், வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஒன்பது ராசியான எண் என்பதால் அப்படி அடித்தார்கள் என்று ஊரில் பேச்சு. இருபது கியாட் நோட்டு என்று ஒன்று அப்போது கிடையாது. ஐந்தும் பத்தும் உண்டு, ஆனால் அதைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். பஸ்ஸுக்கு வேண்டும், டீக்கடைக்கு வேண்டும் என்று எல்லோரும் பதுக்கி வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் மைதானத்தில் டிக்கெட் விலை பதினைந்து கியாட். எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் வைத்த விலை அது. ஏன் பத்து இல்லை, ஏன் இருபது இல்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் விட்டுப் போன இன்னொரு பழக்கமும் இருந்தது. கேட்டுக்கு வெளியே டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்கிறவர்கள், விற்காமல் தங்கிப்போனதை ஆட்டம் தொடங்க அரை மணி இருக்கும்போது ஜன்னலில் கொண்டுவந்து திருப்பித் தருவார்கள். அவர் முனகாமல் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவார். எனக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்து, போகும்போது குடையும் கொடுத்து அனுப்புகிறாரே என்று நினைப்பேன்.

வெளியே விற்கிறவர்களில் பெரிய கை மாரியம்மா. பர்மியர்கள் வாயில் அது டோ மாயி ஆகிவிட்டது, டோ என்பது பெரிய பெண்களுக்குச் சேர்க்கிற மரியாதைச் சொல். இன்சீனில் ரயில்வே லைன் வீட்டில் பிறந்தவள், ஐம்பது வயது இருக்கும், புருஷன் இல்லை. ரயிலேறி வந்து, தலையில் அகலத் தட்டு நிறையச் சூரியகாந்தி விதையும் அவித்த கடலையும் வைத்துக்கொண்டு கேட்டுக்கு எதிரே உட்காருவாள். விதைக்கு அடியில் டிக்கெட். நான் போகும்போதும் வரும்போதும் முறைப்பேன். அவள் ஒரு பிடி கடலையை நீட்டி, "என்னா சயா, காலையில சாப்பிடலியா, மூஞ்சி இப்பிடி இருக்கு?" என்பாள். சயா என்றால் இந்த ஊரில் வாத்தியாருக்கும் சொல்வார்கள், மரியாதைப்பட்ட யாருக்கும் சொல்வார்கள். அவள் சொன்னால் மட்டும் எனக்கு அதில் மரியாதை கேட்காது.

அந்த வருஷம் அரையிறுதியில் எங்கள் வலதுபக்கத் தடுப்பாட்டக்காரன் டுன்னின் கால் உடைந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் கேலரியில் எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் இரும்புத் தகடு வைக்க வேண்டும், பத்து நாளுக்குள் வைக்காவிட்டால் எலும்பு கோணலாகக் கூடிவிடும் என்றார்கள். தகடு, ஆணி, மருந்து எல்லாம் வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டும். அவன் அம்மா டோ கின், க்யிம்யிண்டைங் சந்தையில் தரையில் கோணி விரித்துக் கீரை விற்கிறவர்.

எங்கள் விளையாட்டு நிதியில் அப்போது இருந்த பணத்துக்கு இரண்டு பந்தும் கோடு போடுகிற சுண்ணாம்பும் வாங்கலாம். மேலே எழுதிக் கேட்டால் பதில் அடுத்த மழைக்காலத்தில் வரும். கையில் உருப்படியாக வருகிற பணம் ஆட்டத்துக்கு வருகிற கூட்டம்தான். டோ கின் அலுவலகத்துக்கு வந்து, எதுவும் கேட்காமல், ஒரு கட்டு வள்ளைக்கீரையை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார். அழவும் இல்லை. எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது அப்படிப் பேசாமல் நின்றால் என்னால் தாங்க முடியாது, வாயைத் திறந்து எதையாவது வாக்குக் கொடுத்துவிடுவேன்.

"இறுதி ஆட்டத்து டிக்கெட் பணத்தில் தகடு வந்துவிடும், டோ கின். நான் பொறுப்பு" என்றேன்.

எங்கள் விளையாட்டுத் துறைத் தலைவர் எதிர் மேசையில் இருந்து நிமிர்ந்து பார்த்தார். அவரைப் பெரியவர் என்று சொல்லிக்கொண்டு போகிறேன், பெயர் வேண்டாம். அந்தம்மா போனதும் பர்மியத்தில் கேட்டார். "எங்கே இருந்து கொடுப்பாய்?"

காகிதத்தை எடுத்தேன். போன இறுதி ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தை எழுதினேன். டிக்கெட்டை இருபது ஆக்கினால் தலைக்கு ஐந்து கூடுதல். பெருக்கிக் காட்டினேன். தகடும் வந்தது, ஆணியும் வந்தது, மருந்து போக மிச்சமும் வந்தது. எனக்கே என்மேல் மதிப்பு கூடிவிட்டது.

"காலுக்காக என்று அறிவிக்கலாமா?" என்று பெரியவர் கேட்டார்.

நான் வேண்டாம் என்றேன். காலுக்கு என்று சொன்னால் அது நன்கொடை, அதற்கு வேறு இடத்தில் அனுமதி வாங்க வேண்டும், வேறு கோப்பு போட வேண்டும். விலைக்குள் சேர்த்துவிட்டால் வெறும் வரவு. யாரும் கேட்க மாட்டார்கள். பெரியவர் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு விட்டேனா? தலைக்கு வருகிற ஐந்தில் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்று வீம்பு. தேக்குப் பலகை ஒன்றை எடுத்து, சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதி ஜன்னலுக்கு மேலே மாட்டினேன். விற்ற டிக்கெட் திரும்பப் பெறப்பட மாட்டாது. மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த மாரியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நல்லா எழுதியிருக்க தம்பி" என்றாள் அவள். "எனக்குத்தான் படிக்கத் தெரியாது. யாராச்சும் படிச்சுச் சொன்னா தெரிஞ்சிக்கிறேன்."

"நான் சொல்றேன். இனிமே மிஞ்சினத தூக்கிட்டு ஜன்னலுக்கு வராத. அவ்ளோதான்."

"அடேயப்பா! எங்கிட்ட மிஞ்சுனா நான் எங்கப்பா போவேன்?" என்று சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் கலக்கம் இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இறுதி ஆட்டம் மாலை நான்கு மணிக்கு. மதியம் ஒரு மணிக்கு ஜன்னலைத் திறந்தோம். பாங்கியில் கெஞ்சி இரண்டு கட்டு ஐந்து கியாட் நோட்டு வாங்கி வைத்திருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் அது தீர்ந்தது. நாற்பத்தைந்து நோட்டை நீட்டினால் இரண்டு டிக்கெட், ஐந்து மிச்சம். தொண்ணூறை நீட்டினால் நாலு டிக்கெட், பத்து மிச்சம். யாருக்கும் மிச்சம் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

சில்லறை மட்டும்தான் பிரச்சினை என்றால் எப்படியாவது சமாளித்திருப்பேன். நான் பார்க்காமல் விட்டது வேறு ஒன்று. அந்தப் பிள்ளைகள் தனித்தனியாக வரவில்லை. மூன்று பேராக வந்தார்கள். இல்லாவிட்டால் ஆறு பேராக. டீக்கடையிலேயே கூட்டுச் சேர்ந்து, மூன்று பேரில் ஒருவன் கையில் ஒரு நாற்பத்தைந்து நோட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மூன்று பதினைந்து நாற்பத்தைந்து. பழைய கிளார்க் ஏன் பதினைந்து என்று வைத்தார் என்பது, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நூறு கைகள் அந்த ஒரே நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"மூணு குடுங்க சயா."

"அறுபது கியாட்."

திரும்பிக் கூட்டாளிகளைப் பார்ப்பார்கள். பஸ் காசைத் தொட முடியாது. இரண்டு பேர் உள்ளே போய் ஒருவன் வெளியே நிற்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. ஆகவே மூன்று பேரும் வாங்க மாட்டார்கள், மூன்று பேரும் போகவும் மாட்டார்கள். ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்று பேசுவார்கள். பின்னால் வந்த மூன்று பேருக்கும் அதே கதை. "வாங்குனா வாங்கு, இல்லாட்டி நகரு!" என்று தமிழிலும் பர்மியத்திலும் கத்தினேன். நகர எங்கே இடம்?

மூன்று மணிக்குத் தெரு அடைத்துக்கொண்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, அவர்கள் தள்ளினார்கள். யாரோ கைதட்டிக் கல்லூரிப் பாட்டு ஆரம்பித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து தட்டியிருப்பேன். அன்று, நிறுத்துங்கள் என்று கம்பி வழியே கையை ஆட்டினேன். கேட் காவலர் ஓடி வந்து, "மூலையில் ஒரு பட்டாள லாரி வந்து நிற்கிறது. இறங்கவில்லை, பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்" என்றார். ஜன்னலுக்கு நேர் முன்னால் ஒரு பெண், செருப்பு ஒன்று போய்விட்டது, கன்னம் கம்பியில் அழுந்தி இருந்தது. என்னைப் பார்த்து, "சயா, மூச்சு முட்டுது" என்றாள்.

பெரியவர் உள்ளே வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "ஜன்னலைச் சாத்து. டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடு."

என் முதுகுக்குப் பின்னால் டிக்கெட் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருந்தன. கம்பி வழியே அவர்களுக்கும் அது தெரிந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு முகத்துக்கு நேரே சாத்தினால் கேட்டை உடைப்பார்கள், லாரியில் இருந்து இறங்குவார்கள். கேட்டைச் சும்மா திறந்துவிட்டால் எல்லோரும் ஒரே வாசலில் பாய்வார்கள், அந்தப் பெண் முதலில் கீழே விழுவாள், டோ கின்னுக்குக் கொடுத்த வாக்கும் அதோடு போச்சு. இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. சாத்தவும் முடியாமல் ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கவாட்டுக் கதவில் யாரோ தட்டினார்கள். மாரியம்மா. தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, முடியெல்லாம் கலைந்து, மூச்சு வாங்க நின்றாள்.

"மூணு நாப்பத்தஞ்சுன்னு குடுத்துத் தொலையேன்! புள்ளைங்க நசுங்குதுங்க!"

"டிக்கெட்டுல இருவதுன்னு அச்சடிச்சிருக்கு."

"அச்சடிச்சது யாரு? பகவானா? நீதானே?"

"ஒரே ஜன்னல்தான் இருக்கு அக்கா. இப்பக் குடுக்க ஆரம்பிச்சாலும்..." என்றேன். அவளை நான் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, அப்போது எனக்கே அது தெரியவில்லை.

"ஜன்னலுக்கு எதுக்கு வரணும்? வரிசையோட கடேசிக்கு நான் போறேன். பின்னாடி இருக்கறவன் கையில டிக்கெட்டு வந்துட்டா ஏன் தள்ளப் போறான்? புஸ்தகத்தக் குடு."

பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ் தெரியாது, ஆனால் புரிந்துவிட்டது. பிளாக்கில் விற்கிறவள் கையில் அரசாங்க டிக்கெட் புத்தகம், அதுவும் அச்சடித்த விலைக்குக் குறைவாக. எந்தத் தணிக்கைக்காரன் கண்ணில் பட்டாலும் என் வேலை காலி. அவள் அந்தப் புத்தகங்களோடு நேராக ரயிலேறி இன்சீன் போய்விட்டால்? அந்த எண்ணமும் வந்தது, மறைப்பானேன். ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். பத்து வருஷமாக அந்தத் தெருவில் கள்ள டிக்கெட்டோ பழைய டிக்கெட்டோ ஒன்றைக்கூட அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. கூடுதல் விலை வாங்குவாள், ஏமாற்ற மாட்டாள். அவளை ஒழிப்பதற்காக அவளையே நாள் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்த என்னைவிட அது வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்?

மேல் புத்தகத்தின் அட்டையில், மூன்று டிக்கெட் நாற்பத்தைந்து கியாட், என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரியவர் கையெழுத்துப் போடவில்லை. தடுக்கவும் இல்லை. கதவை விட்டு ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்.

விதையையும் கடலையையும் என் மேசைமேல் கொட்டிவிட்டு, புத்தகங்களைத் தட்டில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். சுவரோரமாகச் சுற்றி, கூட்டத்தின் கடைசியில் இருந்து அவள் குரல் பர்மியத்தில் வந்தது. மூன்று பேருக்கு ஒரு நோட்டு! மூன்று பேருக்கு ஒரு நோட்டு! தனியாக வந்தவன் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு வா! கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. முன்பின் தெரியாதவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு மூன்று பேர் ஆனார்கள். நானும் இந்தப் பக்கம் ஜன்னலில் அதே விலைக்குக் கிழிக்க ஆரம்பித்தேன். தள்ளல் பின்னால் இருந்து தளர்ந்தது. கம்பியில் இருந்து அந்தப் பெண்ணின் கன்னம் விலகியதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆட்டம் தொடங்கியபோது தெருவில் கூட்டம் இல்லை. ஒரே ஒரு செருப்பு கிடந்தது. லாரி இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. மாரியம்மா புத்தகங்களின் அடிக்கட்டைகளையும் நோட்டுகளையும் முந்தானையில் கட்டி எடுத்துவந்து மேசையில் வைத்தாள். எண்ணிப் பார்த்தேன், ஒரு டிக்கெட் குறையவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. கேலரி நிறைந்துவிட்டது, ஆனால் பழைய விலைக்கு. டுன்னின் கால் அந்தக் கூடுதல் ஐந்தில் இருந்தது. அந்த ஐந்து இப்போது இல்லை. போதாக்குறைக்கு, முதலில் இருபது கொடுத்து வாங்கியவர்கள் ஜன்னலுக்கு வந்து ஐந்தைத் திருப்பிக் கொடு என்று சண்டை போட்டார்கள். நியாயம்தானே? நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னா தம்பி, எளவு வீடு மாதிரி ஒக்காந்திருக்க?" என்றாள் மாரியம்மா.

சொன்னேன். டோ கின்னையும், தகட்டையும், ஐந்து கியாட்டையும். கேட்டுக்கொண்டே இருந்தவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தப் புள்ள காலுக்கா? இத ஏன் ஒளிச்சு வெச்ச? டிக்கெட்டுல அஞ்சு ஏத்துனா திட்டத்தான் செய்வான். அலூன்னு கேட்டுப் பாரு, சட்டையத் துழாவிக் குடுப்பான். இந்த ஊர்ல பொறந்துட்டு இதுகூடத் தெரியாதா ஒனக்கு?"

அலூ என்றால் தானம். திருவிழாவோ மடமோ, தெருவோரம் வெள்ளிக் கிண்ணத்தைக் குலுக்கிக்கொண்டு நிற்பார்களே, தினமும் நீங்கள் தாண்டிப் போகிறீர்கள். நானும் பிறந்ததில் இருந்து அந்தக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். கேட்டால் மனசாரக் கொடுக்கிற ஊரில், கேட்கக் கூச்சப்பட்டு விலைக்குள் ஒளித்து வைத்தேன். கோப்பு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக.

"அனுமதி இல்லையே" என்று பெரியவர் பர்மியத்தில் இழுத்தார்.

"கிண்ணம் குலுக்குறதுக்கு எந்த ஆபீசுல சீட்டு வாங்கணும், சயாஜி?" என்று அவரிடம் பர்மியத்திலேயே கேட்டாள் அவள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இடைவேளையில் தட்டை எடுத்துக்கொண்டு கேலரிக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "நீ குடுத்த வாக்கு. ஒன் வாயாலயே கேளு" என்றாள். இஸ்திரி போட்ட சட்டையோடு அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, டுன்னுடைய காலுக்கு என்று கத்தினேன். முதல் தடவை குரலே வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது.

தட்டில் என்ன விழுந்தது தெரியுமா? ஐந்து கியாட் நோட்டு. மத்தியானம் முழுக்க நான் நாயாய்ப் பேயாய் அலைந்தும் கிடைக்காத அந்தப் பாழாய்ப்போன ஐந்து கியாட் நோட்டு! பஸ் காசு. நடந்தே வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போட்டார்கள். ஜன்னலில் என்னோடு சண்டை போட்ட ஒருவன் எழுந்து வந்து, "என் அஞ்சு ஏற்கெனவே உங்க பெட்டியில இருக்கு, சயா. இது இன்னொரு அஞ்சு. நல்ல தகடா வாங்குங்க" என்றான். ஐந்தைத் திருப்பிக் கேட்டு அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம், அன்று அதைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

எல்லோரும் போன பிறகு மாரியம்மா என் மேசையில் கிடந்த விதைகளைத் தட்டில் அள்ளிக்கொண்டிருந்தாள். குனிந்தபோது இடுப்பில் செருகியிருந்த துணிப்பை நழுவி விழுந்தது. உள்ளே டிக்கெட். கிழிக்காத, மடிக்காத டிக்கெட், ஒரு கட்டு. முந்தின நாட்களில் நாங்கள் முன்கூட்டிக் கொஞ்சம் விற்றபோது, இருபது கியாட் வீதம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அவள் வாங்கிவைத்தது. முப்பதுக்கு விற்கலாம் என்று. பதினைந்துக்கு என் டிக்கெட்டை அவள் கூவி விற்ற நேரம் முழுக்க அவளுடையது இடுப்பிலேயே இருந்திருக்கிறது. ஒவ்வொரு நோட்டை வாங்கும்போதும் தன் டிக்கெட் செத்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். தொண்ணூறு டிக்கெட் இருந்தது.

"ஏன் அக்கா சொல்லல? ஒன்னுதத்தான மொதல்ல வித்திருக்கணும்?"

"முப்பதுக்கு வாங்கியிருப்பானா? இல்ல, நான் பேரம் பேசிட்டு நின்னா அந்தப் பொண்ணு மூச்சு நின்னிருக்கும். போ தம்பி."

"குடு. நான் திருப்பி எடுத்துக்கிறேன்."

அவள் ஜன்னலுக்கு மேலே கையைக் காட்டினாள். "அங்க என்னா எழுதியிருக்கு, படி. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

மேசையில் மிச்சம் கிடந்த விதைகளைப் பொறுக்கித் தட்டில் போட்டேன்.

"படிடா."

படித்தேன். விற்ற டிக்கெட் திரும்பப் பெறப்பட மாட்டாது. அவள் அந்தத் தொண்ணூறு டிக்கெட்டையும் திரும்பப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். என் சம்பளத்தில் இருந்து தருகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவே இல்லை. மறுநாள் பலகையைக் கழற்றினேன். உடைத்து அடுப்பில் போடப் போனவனைத் தடுத்து, "நல்ல தேக்கு, பாவி" என்று பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு பல வருஷம் அவளுடைய தட்டு அந்தப் பலகைமேல்தான் இருந்தது, சிவப்பு எழுத்து மேலே தெரிய.

தகடு எட்டாம் நாள் வைத்தார்கள். தட்டில் விழுந்ததும், முதலில் இருபது வீதம் விற்றதில் வந்த கூடுதலும் சேர்ந்து தகட்டுக்கும் ஆணிக்கும் மருந்துக்கும் போதுமாக இருந்தது. எனக்கு மேலிடத்தில் இருந்து ஓலை வந்தது. அச்சடித்த விலைக்குக் குறைத்து விற்றதற்கு விளக்கம் எழுதினேன். ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேலை தப்பியது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். விலை என்பதை உங்கள் கம்ப்யூட்டரில் முதலில் தேடாதீர்கள். வருகிறவன் கையில் என்ன நோட்டு இருக்கிறது, அவன் பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஜன்னலுக்கு வெளியே போய் நின்று பாருங்கள். போன வருஷக் கூட்டத்தை இந்த வருஷ விலையால் பெருக்காதீர்கள், அந்தக் கூட்டம் அந்த விலைக்கு வந்த கூட்டம். விலையை விலையாகக் கேளுங்கள், உதவியை உதவியாகக் கேளுங்கள். வெளியே விற்கிறவர்களை ஒழிப்பதற்கு முன்னால் அவர்களோடு உட்கார்ந்து ஒரு பிடி கடலை தின்றுவிட்டு வாருங்கள். உங்களுக்குத் தெரியாத எது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று பாருங்கள். அவர்களில் அயோக்கியர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. யார் யார் என்று தெரியாமல் பலகையை மட்டும் மாட்டாதீர்கள்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் பழையபடி பதினைந்து. தங்கிப்போன டிக்கெட்டை நான் திரும்ப வாங்க ஆரம்பித்துவிட்டேன். மாரியம்மாவை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே உட்காரச் சொன்னேன், பெரிய நோட்டுக்குச் சில்லறை அவளே கொடுத்துவிடுவாள். மூன்று மணி இருக்கும், கம்பிக்கு வெளியே ஒரு கை நாற்பத்தைந்து கியாட் நோட்டை நீட்டியது. நிமிர்ந்தேன். டுன். கைத்தடி இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு கூட்டாளிகள். நான் நோட்டைத் திருப்பித் தள்ளினேன்.

"உனக்கு எதுக்குடா டிக்கெட்? விளையாடறவங்களுக்கு அந்த வாசல்."

"என்னால இனிமே விளையாட முடியாது, சயா" என்றான் அவன். கால் நடக்கும், ஓடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அழாமல் சொன்னான், அவன் அம்மா மாதிரியே. "நாங்க மூணு பேர் பார்க்க வந்திருக்கோம்."

என்னால் அந்த நோட்டைத் தொட முடியவில்லை. அவன் கையை எடுக்கவும் இல்லை. பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது.

"வாங்கிக்க தம்பி" என்றாள் மாரியம்மா பக்கத்தில் இருந்து, மெதுவாக. "கால ஊனி நின்னு குடுக்கறான். வாங்கிக்க."

வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, மூன்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.